சுண்ணாம்பு தடவாத பானை

வாப்பா கதிரையில் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. விளிம்பில் உட்காருவார். தேத்தண்ணி ஆறுமுன் எழும்பிவிடுவார். பேச வந்தவர்கள் அவர் பின்னால் நடந்துகொண்டே பேசிப் பழகியிருந்தார்கள். அவர் இறந்து நாற்பதாம் நாள் ஓதும் கத்தம் போன வாரம் முடிந்தது. வீட்டில் இப்போது எல்லாரும் மெதுவாக நடக்கிறோம். அந்த மெதுநடை எனக்குப் பொறுக்கவில்லை.

அவர் பெயர் மஹ்மூத். அக்குறணையில் பிறந்தவர். கண்டியைச் சுற்றியுள்ள கிராமங்களில் வீடு வீடாக ஏறி இறங்கி மிளகும் கொக்கோவும் வாங்கி, டவுனில் மொத்தக் கடைகளுக்குக் கொடுப்பது தொழில். மிளகை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்து ஈரம் சொல்வார். வேறு எதிலும் அவருக்கு அப்படிப் பெயர் இருந்ததில்லை. பள்ளிவாசல் நிர்வாகத்தில் மரைக்காயராக இருந்ததில்லை. ஹஜ்ஜுக்குப் போனதில்லை. ஒரு வீடு கட்டினார். அவ்வளவுதான்.

காணி வாங்கியது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துநாலில். குண்டசாலைக்கு அப்பால், மகாவலிக்கு மேலே சரிவில் ஏழு ஏக்கர். இவ்வளவு பெரிய காணியை அந்த விலைக்கு அவர் வாங்க முடிந்ததற்குக் காரணம் எல்லாருக்கும் தெரியும். அது கள்ளுப் பக்கம். எங்கள் காணியிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் கள்ளு இறக்கும் கித்துள் பனைகள் நெருக்கமாக நின்றன. விடியற்காலையில் பானைகளோடு ஆட்கள் ஒற்றையடிப் பாதையில் இறங்குவார்கள். எங்கள் காணியின் அடியில், பாதை பெருந்தெருவில் சேரும் இடத்தில், கள்ளு விற்கும் கடையான தவறணை. சம்பளத்தன்று மாலையில் அங்கிருந்து பாட்டுக் கேட்கும். சில நேரம் அடிபிடியும் கேட்கும்.

"மஹ்மூத் கள்ளுக் காட்டுல வீடு கட்டுறார்" என்று அக்குறணையில் சிரித்தார்கள்.

வாப்பாவுக்குச் சொந்தமாக ஒரு பெரிய நிலம் வேண்டும். அக்குறணையில் அவருக்கு வந்தது ஒரு அறையும் பாதிக் கிணறும். அண்ணன் தம்பிகளின் சுவர்கள் மூன்று பக்கமும். கையை வீசி நடக்க ஓர் இடம் என்பதுதான் அவர் சொன்ன காரணம். வேறு காரணம் அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

வரைபடம் போடாமல் கட்டிய வீடு. நான் பிறகு தொழில்நுட்பப் பாடசாலையில் படித்து, இப்போது தெருக்கள் போடும் இலாகாவில் ஓவர்சியராக இருக்கிறேன். ஒரு லீவில் வந்தபோது நூல் பிடித்து இந்த வீட்டை அளந்தேன். ஒரு மூலைகூட மட்டத்துக்கு இல்லை. விறாந்தை கிழக்கே சரிகிறது. நடு அறையின் இரண்டு சுவர்கள் இணையாக ஓடவில்லை. காரணம், அவர் ஒரு மழைக்காலம் முடிவதற்குள் ஏதாவது ஒரு சுவரை உடைத்து வேறிடத்தில் எழுப்புவார். மிளகு காய வைக்க ஒரு அறை, பிறகு அதுவே படுக்கையறை, பிறகு அதைத் திறந்து விறாந்தை.

"நேத்து இங்கின ஒரு கதவு இருந்திச்சே" என்று உம்மா கேட்பாள்.

"காத்து வரல்ல. அந்தப் பக்கம் மாத்தினேன்."

"நாளைக்கு எனக்கும் காத்து வரல்லண்டு என்னையும் மாத்துவீங்க."

"ஒங்கள அசைக்க ஏலுமா, அனீஸா? அத்திவாரம் பெருசு."

உம்மா சிரிக்கமாட்டாள். அவள் அந்த வீட்டில் இருப்பதாகவே நினைக்கவில்லை. கொஞ்ச நாளைக்குத் தங்கியிருப்பதாக நினைத்தாள். அவளுடைய தம்பி ஹபீல் மாமா, மாமிமார், உறவு எல்லாம் அக்குறணையில். இங்கே ஒரு பெருநாளைக்கு வட்டிலப்பம் கொடுத்தனுப்ப ஒரு வீடில்லை. அஸர் தொழுகைக்குப் பிறகு கேட்பது தவறணைச் சத்தம். கித்துள் மரங்களை வெட்டிப்போடுங்கள் என்று முதல் வருசமே சொன்னாள். பலன் தரும் மரத்தை வெட்டுவது வாப்பாவால் முடியாத காரியம். வாக்குவாதம் நடந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். மரத்தில் இறக்கலாம். ஆனால் கள்ளு வீட்டெல்லைக்குள் வரக்கூடாது. பதநீராகத்தான் வரவேண்டும், பாணியும் கருப்பட்டியும்தான் காய்ச்சவேண்டும்.

கித்துள் பாளையிலிருந்து சொட்டுவது ஒரே சாறுதான். பானையின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது விடியும்வரை இனிப்பாகவே நிற்கும். தடவாவிட்டால் புளிக்கத் தொடங்கி, வெயில் ஏற ஏறக் கள்ளாகிவிடும். ஆகவே சுண்ணாம்பு தடவும் வேலையை உம்மா வேறு யாரிடமும் விடவில்லை. மரம் ஏறியவர் அழகையா, பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பிரிந்து வந்தவர். மாலையில் குசினி வாசலுக்கு வருவார். உம்மா தன் கையால் சுண்ணாம்பு பூசி, வாயைத் துணியால் கட்டிய பானைகளை வரிசையாக வைத்திருப்பாள். அவர் எடுத்துப்போய் மரத்தில் கட்டுவார். ஐந்து வருசம் ஒரு நாள்கூட அந்த வீட்டில் சாறு புளித்ததில்லை. அதனாலேயே புளித்தால் எப்படியிருக்கும் என்று உம்மாவுக்குத் தெரியாமல் போயிற்று.

என் தங்கை றம்லத்துக்குக் கலியாணப் பேச்சு வந்தபோது உம்மா ஒரு முடிவு சொன்னாள். அதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

"நிகாஹ் இந்த வீட்டுல நடக்கணும். நம்மட ஆக்கள் இந்தப் பாதையில ஏறி வரணும். வந்தா நான் சாகுமட்டும் இங்கயே ஈப்பேன். கள்ளுக் காட்டுக்கு வரமாட்டோம்ண்டு சொன்னா, இத வித்துப்போட்டு எல்லாரும் அக்குறணைக்குப் போற. சரியா?"

வாப்பா நின்றுகொண்டிருந்தார். "சரி" என்றார். சொல்லிவிட்டு முற்றத்துக்கு இறங்கி ஒரு கல்லை எடுத்து இன்னொரு இடத்தில் வைத்தார்.

அதிலிருந்து வீட்டில் அமைதி இல்லை. இரண்டு இடத்திலிருந்து பேச்சு வந்து நின்றுபோனது. அப்புறம் அக்குறணையில் துணிக்கடை வைத்திருந்த லாபிர் ஹாஜியார், தன் மகனுக்குப் பெண் பார்க்கக் குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியனுப்பினார். எங்கள் ஊரில் அவர் ஒரு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போனால் அந்த வீட்டைப் பற்றி மற்றவர்கள் பேசமாட்டார்கள். வாப்பா விறாந்தைக்கு இரண்டு முறை வெள்ளை அடித்தார். முதல் முறையே போதும்.

ஹாஜியார் வருவதற்கு முதல் நாள் மத்தியானம் உம்மா புதிய பானைகளை எடுத்தாள். சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்தாள். வெந்நீர் ஊற்றினாள். வெயிலில் கவிழ்த்தாள். சுண்ணாம்பு தடவவில்லை. ஒரு கலியாண வீட்டில் ஹாஜியாரின் மனைவி, பதநீர் நல்லதுதான், சுண்ணாம்பு நாக்கில் பிடிக்கிறது என்று சொன்னது அவள் மனத்தில் இருந்தது. ஒரு ராத்திரிக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தாள். பானை அவ்வளவு சுத்தமாக இருந்தது. வாயைக் கட்டி வைத்தாள். அழகையா வழக்கம்போல எடுத்துப்போனார்.

காலையில் சாறு வந்தது. நுரை கட்டியிருந்தது. புதுப் பானை, புதுச் சாறு, அதுதான் பொங்குகிறது என்று உம்மா நினைத்தாள். வடித்து, ஏலக்காய் தட்டிப் போட்டு, மூடி வைத்தாள்.

வாடகைக் கார்களில் வந்தார்கள். தெருவில் இறங்கி, தவறணையைத் தாண்டி, பாதையில் ஏறினார்கள். ஹாஜியார் மூச்சு வாங்கினார், ஆனால் ஏறினார். பெண்கள் உள்ளே போனார்கள். ஆண்கள் விறாந்தையில். ஹபீல் மாமாவும் வந்திருந்தார். நான் கொழும்பிலிருந்து லீவில் வந்திருந்தேன். கோப்பைகளைப் பரிமாறியது நான்தான். வாப்பா உட்காரவில்லை. டிரைவர்மாருக்குச் சாப்பாடு சொல்லப் போனார், ஆட்டுக்கறி வெந்ததா பார்க்கப் போனார், சும்மா வேலிவரை போய் வந்தார்.

ஹாஜியார் முதல் கோப்பையை ஒரே இழுப்பில் குடித்தார்.

"இதென்ன ஹபீல், ஒங்கட மச்சான் இதையெல்லாம் ஒளிச்சி வெச்சிக்கிட்டா இவ்வளவு நாளும் ஈந்தார்?"

"சோடாத் தண்ணி மாதிரி மூக்குல ஏறுது" என்றார் ஹாஜியாரின் தம்பி, மாப்பிள்ளையின் சாச்சா.

"இஞ்சி போட்டீக்கி போல."

"இஞ்சி இல்ல, ஏலக்கா. இந்தப் பக்கத்து மண்ணு அப்படி" என்றார் ஹபீல் மாமா.

"அப்ப மகன இங்கயே விட்டுட்டுப் போவோம். மண்ண நல்லாப் பாத்துக்கட்டும்" என்றார் ஹாஜியார்.

எல்லாரும் சிரித்தார்கள். ஹாஜியார் இரண்டாவது கோப்பை கேட்டார். சாச்சா மூன்றாவது. நானும் குடித்தேன். புளிப்பும் இனிப்புமாக இருந்தது. அந்த விறாந்தையில் பத்துப் பதினைந்து பேர் இருந்தோம். குடித்ததை என்னவென்று அறிந்தவர் ஒருவரும் இல்லை. ஹாஜியாருடைய முகம் வியர்த்து, கண்ணில் ஓர் ஈரம். மகளுக்கு என்ன பேர் என்று மூன்றாம் முறையாகக் கேட்டு, அருமையான பேர் என்றார். உள்ளேயிருந்தும் பெண்களின் சிரிப்புச் சத்தம் பெரிதாகக் கேட்டது. உம்மா அவ்வளவு சந்தோசமாகப் பேசி நான் அந்த வீட்டில் கேட்டதில்லை.

லுஹர் தொழுகைக்கு நேரமாயிற்று. விறாந்தையில் பாய் விரிக்கத் தொடங்கினோம். வாப்பா படியேறி வந்தார்.

"எங்க மனிசன் நீங்க, ஒரு இடத்துல நிக்கமாட்டீங்களா?" என்று ஹாஜியார் அவர் கையில் ஒரு கோப்பையைத் திணித்தார். "ஒங்கட வீட்டுச் சாமான நீங்களே குடிக்கல்ல."

வாப்பா ஒரு வாய் குடித்தார். விழுங்கவில்லை. விறாந்தை ஓரத்துக்குப் போய்த் துப்பினார். திரும்பி வந்து பாயைப் பார்த்தார், ஹாஜியாரைப் பார்த்தார்.

"ஹாஜியார். குடிக்க வாணாம்."

"ஏன், முடிஞ்சிட்டா?"

"இது கள்ளு."

யாரோ சிரித்தார்கள். பிறகு நிறுத்தினார்கள்.

ஹாஜியார் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். "ஒங்களுக்கு எப்படித் தெரியும், மஹ்மூத்?"

வாசத்தில் தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். கீழே தவறணை இருக்கிறது. காற்றில் வரும் வாசம் யாருக்கும் பழகும். எல்லாரும் அதை ஏற்றிருப்பார்கள்.

"குடிச்சீக்கேன்" என்றார் வாப்பா.

"எப்ப?"

"கலியாணத்துக்கு முந்தி. மாத்தளைப் பக்கம் மிளகு வாங்கித் திரிஞ்ச காலத்துல. ஒரு போகம். பிறகு விட்டுட்டேன்."

"இது எப்படிக் கள்ளான?"

"பானை என்ட பொறுப்பு. பிழை எனக்கு."

உள்ளே பேச்சு நின்றுவிட்டிருந்தது. பானை யாருடைய பொறுப்பு என்று எனக்குத் தெரியும். ஹபீல் மாமாவுக்கும் தெரியும். இருவரும் பேசவில்லை. அவர் சொன்ன விதம் அப்படி.

எல்லாரும் தொட்டியடிக்குப் போய் வாய் கொப்பளித்தார்கள். சாச்சா விரலை விட்டு வாந்தியெடுத்தார். ஹாஜியார் நியாயமான மனிதர். "தெரியாமக் குடிச்சதுக்கு அல்லாஹ் புடிக்கமாட்டான். ஆனா இந்த நிலையில தொழுகைக்கு நிக்க ஏலாது" என்றார். தெளிந்த பிறகு தொழுவதாகச் சொல்லிப் புறப்பட்டார்கள். சேர்ந்து சாப்பிடும் சஹன் தட்டுகளில் போட்ட சோறு அப்படியே இருந்தது. பாதையில் இறங்கும்போது தவறணைக்கு முன்னால் நின்ற ஆட்கள் அவர்களுக்கு வழிவிட்டார்கள்.

அன்றிரவு உம்மா குசினியை விட்டு வெளியே வரவில்லை. வாப்பா முற்றத்தில் நடந்துகொண்டிருந்தார். கடைசியில் அவளே வாசலுக்கு வந்தாள்.

"நீங்க வாய மூடிக்கிட்டு ஈந்திருக்கலாம்."

"ஈந்திருக்கலாம்."

"ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது."

"அவரு என் பக்கத்துல தொழுகைக்குத் தக்பீர் கட்டி நிப்பாரு, அனீஸா. எனக்குத் தெரியுமே."

"கள்ளு குடிச்சத எனக்கு ஏன் சொல்லல்ல?"

"நீங்க கேக்கல்ல."

"எந்தப் பொம்புள அதக் கேப்பா?"

வாப்பா மறுபடி நடக்கத் தொடங்கினார். அவள் பானை விசயத்தைப் பேசவில்லை. அவரும் பேசவில்லை.

அக்குறணையில் பேச்சு ஓடிற்று. மஹ்மூத் குடிகாரன், பழைய குடிகாரன், வீட்டிலேயே இறக்குகிறான், ஹாஜியாருக்கே ஊற்றிக் கொடுத்தான். மிளகு கொடுத்த சில வீடுகளில்கூட அவர் வாயருகே மூக்கை நீட்டிப் பார்த்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். அவர் வழக்கத்தைவிட வேகமாக நடந்தார். விடியுமுன் போய் இருட்டிய பின் வந்தார்.

அடுத்த வாரம் ஹபீல் மாமா வந்தார். விறாந்தையில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"மச்சான், ஹாஜியார் சம்பந்தத்த முறிக்கல்ல. அவருக்குப் புள்ளயப் பிடிச்சீக்கி. ஆனா ரெண்டு விசயம் சொல்றார். ஜும்ஆக்குப் பிறகு அக்குறணைப் பள்ளியில நாலு பேர் முன்னால நீங்க பாவமன்னிப்புக் கேட்டுத் தௌபா செய்யணும். இந்தப் பானை விசயத்துக்கும் சேத்து."

"மத்தது?"

"இந்தக் காணிய வித்துப்போட்டு அக்குறணைக்கு வரணும். கள்ளுக் காட்டுல சம்பந்தம் வெக்க ஏலாதாம்."

அக்குறணைக்குத் திரும்புவது, எனக்குத் தெரிந்தவரை, உம்மா வந்த நாளிலிருந்து கேட்டது. சம்பந்தமும் அக்குறணையும் ஒன்றாகக் கையில் வந்து நின்றன. வாப்பா விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தௌபா நான் எப்பயோ செஞ்சிட்டேன். திரும்பச் செய்ய வெக்கமில்ல" என்றார். "காணி..." நிறுத்தினார். பாதையைப் பார்த்தார். "காணியையும் விக்கலாம். புள்ளட வாழ்க்க."

திரைக்குப் பின்னால் நின்ற உம்மா வெளியே வந்தாள். ஹபீல் மாமா அவளுடைய உடன்பிறந்தவர், மறைப்பு வேண்டியதில்லை.

"ஹபீல், ஹாஜியார்ட்ட போய்ச் சொல்லு. பானைக்குச் சுண்ணாம்பு தடவாம விட்டது நான். இவரு வாயத் தொறந்து என்ட பேரச் சொல்லல்ல."

"எனக்குத் தெரியும், ராத்தா. அதான் சொல்றேன், நீங்க சும்மா ஈங்க. ஆம்புள குடிச்சான்னா ஊரு மறந்துரும். வீட்டுப் பொம்புள கையால கள்ளு எறக்கினாண்டு கேட்டா சாகுமட்டும் சொல்லுவாங்க."

"சொல்லட்டும். நான் செஞ்சதுக்கு இவரு பள்ளியில எழும்பி நிக்கப்போறதில்ல."

"அப்ப சம்பந்தம் போகும்."

உம்மா உள்பக்கம் திரும்பினாள். "றம்லத்."

றம்லத் திரையருகே வந்து நின்றாள். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"மாமா, எனக்கு ரெண்டு கோப்பை நல்லா இருந்திச்சி. அதையும் சேத்துச் சொல்லுங்க."

ஹபீல் மாமா தொப்பியால் வாயைப் பொத்திக்கொண்டார். வாப்பாவுக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். உம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"நிகாஹ் இந்த வீட்டுலதான்" என்றாள். "வாற ஆக்கள் வரட்டும்."

மாமா போய்ச் சொன்னார். சம்பந்தம் போயிற்று. உம்மாவின் பேரும் கெட்டது. மாமிமார் இருவர் இரண்டு பெருநாள் அவளோடு பேசவில்லை. அவள் அக்குறணைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டாள். அழகையாவுக்குக் கொடுக்கும் பானைகளில் மறுபடி சுண்ணாம்பு தடவினாள். மரங்களை வெட்டச் சொல்லவில்லை. முற்றத்தில் கறிவேப்பிலை நட்டாள். அந்த வீட்டில் அவள் நட்ட முதல் மரம் அது.

றம்லத்தை மடவளையிலிருந்து ஒரு பள்ளிக்கூட மாஸ்டர் கலியாணம் முடித்தார். ஆற்றுக்கு இந்தப் பக்கத்துச் சனம்; எங்கள் வீட்டுக்குக் கிட்டிய பள்ளிவாசலும் அங்கேதான். கதை அவர்களுக்குத் தெரியும். நிகாஹ் விறாந்தையில் நடந்தது. சர்பத் கொடுத்தபோது மாப்பிள்ளையின் மாமா கோப்பையை உயர்த்தி, உள்ளே கேட்கும்படி, "சம்பந்தி, சுண்ணாம்பு போட்டதா, போடாததா?" என்றார். ஆண்கள் விழுந்து சிரித்தார்கள். உள்ளேயிருந்து உம்மாவின் குரல் வந்தது: "ஒங்களுக்கு மட்டும் போடல்ல."

வாப்பாவுக்கு அதற்குப் பிறகாவது ஓய்வு வரும் என்று நான் நினைத்தேன். வரவில்லை. வீடு இனிப் போகாது என்று தெரிந்த பிறகும் அவர் நிலத்தைச் சுற்றிவந்தார். கிணறு வெட்டத் தொடங்கிப் பாறையில் முட்டினார். சரிவில் கல்லணை கட்டினார், என்னிடம் கேட்காமல். இரண்டாவது மழையில் விழுந்தது. தண்ணீர் போக வழி வைக்கவேண்டும் வாப்பா என்றேன். "அது தானாப் போகும்" என்றார். மறுபடி கட்டினார். அதுவும் விழுந்தது. இப்போது அந்தக் கற்களில் ஓணான்கள் இருக்கின்றன.

இந்த வருசம் மழைக்கு முன் தெல்தெனியாவில் ஒரு மிளகுக் கடை வாசலில் விழுந்தார். கையில் மிளகு இருந்ததாம். லொறியில் கொண்டுவந்தார்கள். நான் வேலையிடத்திலிருந்து வந்து சேர்ந்தபோது குளிப்பாட்டியாகிவிட்டது. முகம் பார்த்தேன். எழுத வேறொன்றும் இல்லை.

அக்குறணையிலிருந்து நிறையப் பேர் வந்தார்கள். லாபிர் ஹாஜியார் இப்போது இல்லை. அவருடைய மகன்மார் வந்தார்கள். தவறணைப் பக்கத்து ஆட்களும் பாதையோரத்தில் தள்ளி நின்றார்கள். ஹபீல் மாமா எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தார். அக்குறணைப் பள்ளியில் வாப்பாவுடைய வாப்பாவுக்குப் பக்கத்தில் அடக்க இடம் இருக்கிறது, ஆள் அனுப்பியாகிவிட்டது, கார்கள் கீழே நிற்கின்றன என்றார். பழைய பேச்செல்லாம் அதோடு முடிந்துவிடும் என்பதும் அவர் எண்ணம். என்னிடம் கேட்டார். உம்மாவிடம் கேளுங்கள் என்றேன்.

உம்மா வெள்ளை உடுத்து உள்ளறையில் இருந்தாள். மாமா வாசலில் நின்று சொன்னார். நான் அவருக்குப் பின்னால்.

"மடவளைக்குக் கொண்டு போங்க" என்றாள்.

"அங்க அவருக்கு ஆரு ஈக்கிற, ராத்தா? நம்மட ஆக்கள் ஒருத்தரும் அந்த மையவாடியில இல்ல."

"இப்ப இல்ல."

மாமா என்னைப் பார்த்தார்.

"நானும் அங்கதான் வருவேன், ஹபீல். போய்ச் சொல்லு."

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு விறாந்தைக்கு வந்தார். மடவளைப் பள்ளிக்கு ஆள் அனுப்பச் சொன்னார்.